ஆறாம் வகுப்புக்கு ஒரு கேள்வி, பதினொன்றுக்கு வேறு கேள்வி

காரைக்குடிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் இந்த ஜூனில் தமிழாசிரியையாகச் சேர்ந்தவர் கேட்டிருக்கிறார்: "ஆறு, ஒன்பது, பதினொன்று மூன்று வகுப்பும் என் கையில். வாரம் ஒரு பீரியட் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் சொல்லித்தரச் சொல்லியிருக்கிறார்கள். செய்யுள் நடத்தும்போதுதான் திணறுகிறேன். எல்லா வகுப்புக்கும் ஒரே மாதிரி நடத்தினால் சின்னவர்கள் முழிக்கிறார்கள், பெரியவர்கள் 'நோட்ஸ் எப்ப தருவீங்க' என்கிறார்கள். எந்த வயதுக்கு எப்படி இலக்கியம் நடத்துவது?"

நான் தேவகோட்டைப் பக்கம் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை தமிழ் எடுத்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன் அம்மா. கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

எந்த வயதுக்கு எந்தப் பாட்டு என்பதைப் பாடநூல் பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறது. அதில் நமக்கு வேலை குறைவு. அந்தப் பாட்டை வைத்துக்கொண்டு பிள்ளைகளிடம் என்ன கேட்கிறோம் என்பதுதான் முழுக்க நம் கையில் இருக்கிறது. வயதுக்கு வயது மாறவேண்டியதும் அந்தக் கேள்விதான். எட்டு வயதுப் பிள்ளை ஓசையைப் பிடித்துக்கொள்ளும். பதினொரு வயதில் 'இது நியாயமா சார்?' என்று கேட்க ஆரம்பிக்கும். பதினாலில் எதிர்த்து வாதாடும். பதினாறில் பேச்சைக் குறைத்துக்கொண்டு தனக்குள் யோசிக்கும். இந்த ஒழுங்கு எல்லாப் பிள்ளைக்கும் அச்சாகப் பொருந்தாது. ஆனாலும் வகுப்புக்குள் நுழையும்போது மனதில் வைத்துக்கொள்ள இது போதும்.

அதற்கு முன்னால், எல்லா வயதுக்கும் பொதுவான ஒன்று உண்டு. பாட்டு முதலில் முழுசாகக் காதில் விழவேண்டும். பல வகுப்புகளில் நடப்பது இதற்கு நேர் எதிர். புத்தகத்தைத் திறக்கச் சொல்லி, முதல் அடியைப் படித்து, உடனே 'சொல்லும் பொருளும்' பெட்டிக்குப் போய் நாலு சொல்லுக்குப் பொருள் எழுதிப்போட்டு, பிறகு இரண்டாம் அடி. மணி அடிக்கும்போது பிள்ளை அந்தப் பாட்டைத் துண்டு துண்டாகக் கேட்டிருக்குமே ஒழிய, ஒருமுறைகூட முழுதாகக் கேட்டிருக்காது. அப்படி நடத்தாதீர்கள். புத்தகத்தை மூடி வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் நின்று, பதம் பிரித்து, அவசரப்படாமல் இரண்டு முறை வாசியுங்கள். அப்புறம் பிள்ளைகள் வாசிக்கட்டும். அதற்குப் பிறகு புத்தகம், அதற்கும் பிறகு அருஞ்சொற்பொருள். இப்படிச் செய்ய முதல் நாள் ராத்திரி வீட்டில் நீங்கள் வாய்விட்டுப் படித்துப் பார்த்திருக்க வேண்டும். எந்த இடத்தில் மூச்சு விடுவது, எந்தச் சொல்லில் அழுத்தம் விழும் என்பது கண்ணால் படித்தால் தெரியாது. தமிழாசிரியருக்கு நான் சொல்லும் ஒரே தயாரிப்பு இதுதான். பாடத்திட்டக் குறிப்பேடு எல்லாம் இதற்கு அப்புறம்.

இனி ஒரே பாட்டை நாலு வயதுக்கும் வைத்துக் காட்டுகிறேன். புறநானூற்று 112ஆம் பாட்டு. பாரி இறந்த பிறகு அவன் மக்கள் பாடியது.

அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்
எந்தையும் உடையேம்; எம் குன்றும் பிறர் கொளார்;
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவின்
வென்றெறி முரசின் வேந்தர் எம்
குன்றும் கொண்டார், யாம் எந்தையும் இலமே.

நமக்கு இது பக்கத்து ஊர்ப் பாட்டு. சிங்கம்புணரிக்கு அருகில் இருக்கும் பிரான்மலைதான் பாரியின் பறம்பு மலை என்று நம் பக்கம் வழிவழியாகச் சொல்கிறோம். சம்பந்தர் பாடிய கொடுங்குன்றமும் அதுதான். உங்கள் வகுப்பில் ஒன்றிரண்டு பிள்ளைகளாவது அந்த மலையைப் பார்த்திருப்பார்கள். அந்தப் பிள்ளையை எழுப்பி நிறுத்தி, மலை எப்படி இருக்கும் என்று சொல்லச் சொல்லுங்கள். அதைவிட நல்ல முன்னுரை உங்களுக்கும் எனக்கும் வராது.

மூன்றாம் வகுப்பில் போர் வேண்டாம், சாவும் வேண்டாம். முல்லைக்கொடி படரக் கொம்பில்லாமல் தவித்ததும் பாரி தேரைக் கொடுத்ததும் போதும். அப்புறம் 'அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின், இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவின்' என்ற இரண்டு அடியை மட்டும் நீங்கள் சொல்ல, அவர்கள் திருப்பிச் சொல்லட்டும். அற்றைக்கு ஒரு கை, இற்றைக்கு ஒரு கை தூக்கச் சொல்லுங்கள். பொருள் கேட்டால் 'போன மாசத்து நிலா, இந்த மாசத்து நிலா' என்று சொன்னால் தீர்ந்தது. எட்டு வயதில் நாக்கில் ஏறிய அடி பதினெட்டு வயதில் தானே பொருள் தரும்.

ஆறாம் வகுப்பில் முழுக் கதையும் சொல்லுங்கள். மூன்று வேந்தர்கள் சேர்ந்து வந்தும் ஒரு சிற்றரசனை நேரில் வெல்ல முடியவில்லை, வஞ்சனையால் கொன்றார்கள். 'ஒருத்தரை மூணு பேர் சேர்ந்து அடிக்கலாமா?' என்று பிள்ளைகளே கேட்பார்கள். அந்தக் கோபத்தை அடக்காதீர்கள். அந்த வயதில் இலக்கியம் உள்ளே போகும் வழி அதுதான். அந்தச் சூட்டிலேயே பாட்டை வாசித்துவிட்டு ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: 'போன மாசம் அவங்ககிட்ட என்ன இருந்தது, இந்த மாசம் என்ன இல்லை?' கரும்பலகையில் இரண்டு நிலா வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் பிள்ளைகள் சொல்வதை எழுதுங்கள். அவ்வளவுதான். இறந்தவரை எண்ணி வருந்திப் பாடுவதற்குக் கையறுநிலை என்று இருக்கும் துறைப்பெயரை அன்றைக்குச் சொல்லவே வேண்டாம், அடுத்த நாள் சொல்லிக்கொள்ளலாம்.

ஒன்பதாம் வகுப்பில் கதைக்கு அஞ்சு நிமிடம் போதும். கேள்வி இது: 'அப்பா செத்துப்போன பெண்கள் பாடுகிறார்கள். இந்த அஞ்சு அடியில் அழுகை என்று ஒரு சொல் எங்கே இருக்கிறது?' தேடட்டும். இல்லை. கண்ணீர் இல்லை, ஐயோ இல்லை. அப்படியானால் படிக்கும்போது நமக்கு ஏன் நெஞ்சை அடைக்கிறது? இந்த இடத்தில் வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கும். நீங்கள் பதிலைச் சொல்லிவிடாமல் காத்திருப்பதுதான் கஷ்டம். யாராவது ஒரு பிள்ளை 'நிலா மாறவே இல்லை சார், மத்ததெல்லாம் மாறிடுச்சு' என்று சொல்லும். சொல்லாவிட்டால் முதல் அடியையும் மூன்றாம் அடியையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் காட்டுங்கள். கண்ணிலேயே தெரிந்துவிடும்.

பதினொன்றில் இரண்டு இடங்களைத் தொடுங்கள். ஒன்று, வரிசை. முதலில் சொல்லும்போது தந்தை முன்னே, குன்று பின்னே. இரண்டாம் முறை குன்று முன்னே வந்துவிடுகிறது, தந்தை கடைசிக்குப் போய்விடுகிறான், பாட்டு அவன் இல்லை என்பதிலேயே முடிகிறது. ஏன் இப்படி மாற்றி வைத்தார்கள்? இன்னொன்று, 'வென்றெறி முரசின் வேந்தர்'. வென்று முரசு அறைந்த வேந்தர்களாம். உண்மையில் வென்றார்களா? பழைய உரை இதை இகழ்ச்சிக் குறிப்பு என்று சொல்கிறது. பிள்ளைகளே அதைக் கண்டுபிடித்துச் சொன்ன பிறகு, 'பழைய உரைகாரரும் இப்படித்தான் சொல்லியிருக்கிறார்' என்று சொல்லிப் பாருங்கள். பதினாறு வயதுப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய பரிசு கிடையாது. முதலிலேயே உரையைச் சொல்லிவிட்டால் அது இன்னொரு நோட்ஸ் ஆகிவிடும்.

ஆக, மூன்றாம் வகுப்புக்கும் பதினொன்றுக்கும் அதே அஞ்சு அடிதான்.

இனி ஒவ்வொரு வயதாகக் கொஞ்சம் சொல்கிறேன். சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா நம் ஊர்க்காரர். புதுக்கோட்டை மாவட்டம் இராயவரத்தில் 1922இல் பிறந்தவர். அவர் பாட்டுகளை ராகம் போட்டுப் பாடி, கையைத் தட்டி, குதிக்க விட்டால் போதும். நீதி சொல்லித்தான் முடிக்கவேண்டும் என்ற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். 'இந்தப் பாட்டிலிருந்து நாம் என்ன கற்றுக்கொண்டோம்?' என்று எட்டு வயதுப் பிள்ளையிடம் கேட்பது அதன் சந்தோஷத்தைப் பிடுங்குவது. விடுகதை நிறையப் போடுங்கள். ஒன்றை வேறொன்றாகப் பார்ப்பது விடுகதை. உவமையும் உருவகமும் பின்னால் வருவதற்கு அதுதான் அடித்தளம். வீட்டில் ஆயாவோ அப்பத்தாவோ பாடும் தாலாட்டில் இரண்டு வரி கேட்டுவரச் சொல்லுங்கள். நம் பக்கத்துத் தாலாட்டில் மாமன் கொண்டுவரும் சீரெல்லாம் வரும். பிள்ளை அதை வகுப்பில் வந்து பாடும்போது, வீட்டில் இருப்பதும் பாட்டுத்தான், புத்தகத்தில் இருப்பதும் பாட்டுத்தான் என்பது யாரும் சொல்லாமலே அதற்குப் புரிந்துவிடும்.

ஆறிலிருந்து எட்டு வரை உள்ள பிள்ளைகளுக்குச் சந்தம் பிடிக்கும். தாளம் போட்டுச் சொல்லக்கூடிய பாட்டைத் தயங்காமல் கொடுங்கள், கடினச் சொல் இருந்தாலும் பரவாயில்லை. கம்பனின் குகன் பரதன் படையைக் கண்டு பொங்கும் பாட்டு இருக்கிறதே:

ஆழ நெடுந்திரை ஆறு கடந்து இவர் போவாரோ?
வேழ நெடும்படை கண்டு விலங்கிடும் வில்லாளோ?
தோழமை என்று அவர் சொல்லிய சொல் ஒரு சொல் அன்றோ?
ஏழமை வேடன் இறந்திலன் என்று எனை ஏசாரோ?

இதை ஒரு பையன்கள் வரிசையிடம் கொடுத்துப் பாருங்கள். டெஸ்க்கைத் தட்டி அவர்களே தாளம் கண்டுபிடித்துக்கொள்வார்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து எட்டிப் பார்க்கும் வரை விடுங்கள். அப்புறம் மூன்றாம் அடியில் நிறுத்துங்கள். 'தோழமை' என்று ஒருவர் சொல்லிவிட்டால் அது எவ்வளவு பெரிய சொல்? உன் சிநேகிதன் உனக்கு என்ன சொல்லியிருக்கிறான், நீ அதற்கு என்ன செய்வாய்? பதினொரு வயதுப் பிள்ளைக்கு உலகத்தில் இதைவிட முக்கியமான விஷயம் எதுவும் கிடையாது. குகனுக்குப் பரதனைப் பற்றி முதலில் தப்பான எண்ணம், பிறகு அது மாறுகிறது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். கோபத்தோடு கதை முடியவில்லை என்பது அந்த வயதுக்குத் தெரியவேண்டும்.

ஒன்பது, பத்துதான் என்னைக் கேட்டால் இலக்கியம் நடத்த ரொம்ப நல்ல வயது. பலர் இதைத் தொல்லை பிடித்த வயது என்பார்கள். எதிர்த்துப் பேசுகிற பிள்ளைக்கு எதிர்த்துப் பேச ஒரு நல்ல விஷயத்தைக் கொடுத்துவிட்டால் தொல்லை எங்கே இருக்கிறது? அதற்கு நம் ஊரில் வழி ஏற்கெனவே இருக்கிறது. கம்பன் அடிப்பொடி சா. கணேசன் காரைக்குடியில் 1939இல் கம்பன் கழகம் தொடங்கினார். அன்றிலிருந்து கம்பன் விழா மேடையில் பட்டிமண்டபம் வளர்ந்தது. அந்த மேடையைத் தொலைக்காட்சியில் சிரிப்புக்காகப் பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு, அது உண்மையில் பாட்டை வைத்து வழக்காடுவது என்று காட்டவேண்டும்.

நான் எப்போதும் எடுத்துக்கொள்வது கும்பகருணனை. வீடணன் வந்து இராமன் பக்கம் வந்துவிடும்படி அழைக்கிறான். அண்ணன் செய்தது தப்பு என்று கும்பகருணனுக்கும் தெரியும். அவன் சொல்லும் பதில்:

நீர்க்கோல வாழ்வை நச்சி நெடிது நாள் வளர்த்துப் பின்னைப்
போர்க்கோலம் செய்து விட்டாற்கு உயிர் கொடாது அங்குப் போகேன்

இதில் 'நீர்க்கோலம்' என்ற சொல்லுக்கு நான் விளக்கமே சொல்லமாட்டேன். வகுப்பில் இருக்கும் பெண் பிள்ளைகளைக் கேட்பேன்: வாசலில் தண்ணீர் தேங்கி நிற்கிறது, அது மேலேயே மாக்கோலம் போடமுடியுமா? செட்டிநாட்டில் நடுவீட்டுக் கோலம் போட்டுப் பழகிய பிள்ளைகள் அவர்கள். போட்டால் என்ன ஆகும் என்று ஒருத்தி சொல்லி முடிப்பதற்குள் எல்லாருக்கும் வாழ்வு என்றால் என்ன என்று கும்பகருணன் நினைக்கிறான் என்பது விளங்கிவிடும். உடனே அடுத்த அடியில் போர்க்கோலம் வருகிறது. நிற்காது என்று தெரிந்த வாழ்க்கைக்கு ஆசைப்பட்டு, இத்தனை நாள் வளர்த்து, தன் கையால் போருக்கு அலங்கரித்து அனுப்பியவனை விட்டு எப்படி வருவேன் என்கிறான்.

சரி, இப்போது வகுப்பை இரண்டாகப் பிரிக்கலாம். கும்பகருணன் செய்தது சரியா, வீடணன் செய்தது சரியா? ஒரே ஒரு விதி: யார் எதைச் சொன்னாலும் அதற்குப் பாட்டிலிருந்து ஒரு அடியைக் காட்டவேண்டும். 'எனக்குத் தோணுது' என்பது செல்லாது. இந்த விதி இல்லாவிட்டால் அது வெறும் சத்தமாகப் போய்விடும். கும்பகருணன் பக்கம் பேசுகிறவர்கள் 'அவன் சோற்றுக்கடன் கழித்தான்' என்று சுலபமாக முடிக்கப் பார்ப்பார்கள். அப்போது நீங்கள் இன்னொரு பாட்டை எடுத்துப் போடுங்கள். மந்திராலோசனையில் இராவணன் முகத்துக்கு நேராகவே 'பேசுவது மானம். இடை பேணுவது காமம்' என்று சொன்னவனும் இதே கும்பகருணன்தான். தப்பைத் தப்பென்று சபையில் சொல்லிவிட்டு, பிறகு அந்தத் தப்புக்காகவே சாகப் போகிறான். இதைக் கேட்டதும் இரண்டு பக்கமும் தங்கள் வாதத்தை மாற்றி யோசிக்க வேண்டியிருக்கும். அந்த யோசனைதான் பாடம். தீர்ப்பு நீங்கள் சொல்லாதீர்கள். கேட்டாலும் சொல்லாதீர்கள். வீட்டுக்குப் போய் அம்மாவிடம், ஐயாவிடம் சண்டையைத் தொடரட்டும்.

முடிந்தால் பங்குனியில் ஒருநாள் பிள்ளைகளைக் கம்பன் விழாவுக்குக் கூட்டிப் போங்கள். காரைக்குடியில் விழா நடந்து, பங்குனி அத்தத்தன்று நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதியில் நிறைவாகும். ஆண்டுத் தேர்வு நெருங்கும் நேரம், ஹெச்.எம். முகம் சுளிக்கலாம். ஒன்பதாம் வகுப்பை மட்டுமாவது கேட்டுப் பாருங்கள், அவர்களுக்குப் பப்ளிக் இல்லை.

அகப்பாட்டு, அதாவது காதலைப் பாடும் பாட்டு. இதைத்தான் இளம் ஆசிரியைகள் பலர் பயந்து தாண்டிப் போகிறார்கள். ஒன்பதில் ஒரு குறுந்தொகைப் பாட்டை எடுத்தால் பின்பெஞ்சில் சிரிப்பு வரும். வரட்டும். சிரிப்பை அதட்டினால் அது கெட்ட விஷயம் என்று நீங்களே முத்திரை குத்தியதாக ஆகிவிடும். நிதானமாக நின்று, 'இதில் பேசுவது யார்? யாரிடம் பேசுகிறார்? ஏன் இப்போது பேசுகிறார்?' என்று மூன்றையும் கேளுங்கள். சங்க அகப்பாட்டு முழுக்க நாடகம் மாதிரி ஒருவர் இன்னொருவரிடம் பேசும் பேச்சு. ஆளையும் சூழலையும் கண்டுபிடிக்கும் வேலையில் இறங்கிவிட்டால் சிரிப்பு தானே ஓய்ந்துவிடும்.

பதினொன்றுக்கு நான் குறிப்பாகச் சொல்வது பாலை, பிரிவைப் பாடும் திணை. அதற்குக் காரணம் நம் ஊர். ஆண்டு முழுக்கத் தண்ணீர் ஓடும் ஆறு நமக்கு இல்லை. செம்மண், ஊருணி, கண்மாய், வானம் பார்த்த வயல். பொருள் தேடிப் போகாமல் இந்த மண்ணில் யாரும் பிழைத்ததில்லை. நகரத்தார் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் போனார்கள். இன்றைக்கு எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளின் வீட்டிலும் ஒருவராவது சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிறார். பொருள்வயின் பிரிவு என்பதைப் பாடநூல் வரையறையாக மற்ற ஊர்ப் பிள்ளைகள் படிக்கட்டும், நம் பிள்ளைகள் அதற்குள்ளேயே வளர்கிறார்கள்.

பாலை பாடிய பெருங்கடுங்கோவின் குறுந்தொகை 37ஐ எடுத்துக்கொள்ளுங்கள்.

நசை பெரிது உடையர்; நல்கலும் நல்குவர்;
பிடி பசி களைஇய பெருங்கை வேழம்
மென்சினை யாஅம் பொளிக்கும்
அன்பின தோழி அவர் சென்ற ஆறே.

பிரிந்து போன தலைவனை நினைத்து வாடும் தலைவியிடம் தோழி சொல்வது. உன்மேல் அவருக்கு ஆசை அதிகம், வந்து அன்பு செய்வார். அவர் போன வழியில், பெண்யானையின் பசியைப் போக்க ஆண்யானை யா மரத்தின் மெல்லிய கிளையை உரித்துக் கொடுக்கும். அவ்வளவுதான் பாட்டு. யா மரம் எது என்று கேட்பார்கள். பாலை நிலத்து மரம் என்றால் இப்போதைக்குப் போதும்.

கேள்வி இதுதான்: அவர் வருவார் என்று சொல்ல வந்தவள் யானையைப் பற்றி ஏன் பேசுகிறாள்? ஒரு பிள்ளை மெதுவாகச் சொல்லும்: அந்த யானையைப் பார்த்தால் அவருக்கு இவள் நினைப்பு வரும். சரி. நினைப்பு வந்தால்? திரும்பி வருவார். இதை எந்த அடி சொல்கிறது? எந்த அடியும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட அந்த இடத்தைக் காட்டிய பிறகு, இப்படிக் குறிப்பாக உணர்த்துவதற்கு இலக்கணம் வைத்த 'இறைச்சி' என்ற சொல்லை எழுதுங்கள். அப்போது அது மனப்பாடம் செய்யவேண்டிய இலக்கணச் சொல்லாக இருக்காது. அடுத்த கேள்வி இன்னும் கூர்மையானது: தோழிக்கு இது உறுதியாகத் தெரியுமா, அல்லது ஆறுதலுக்குச் சொல்கிறாளா? வெளிநாட்டில் இருக்கும் அப்பாவைப் பற்றி அம்மாவிடம் பக்கத்து வீட்டு அக்கா சொல்லும் வார்த்தைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இந்தக் கேள்விக்குச் சொல்லும் பதில்களை நான் எந்த உரையிலும் படித்ததில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை உண்டு, இதைக் கட்டாயம் கவனியுங்கள். எந்தப் பிள்ளையையும் பெயர் சொல்லி எழுப்பி 'உங்க அப்பா எங்கே இருக்கார், நீ சொல்லு' என்று கேட்காதீர்கள். போன அப்பா திரும்பாத வீடும் உண்டு, பணம் அனுப்பாத அப்பாவும் உண்டு. பாட்டைப் பற்றி மட்டும் கேளுங்கள். தன் வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும் என்று தோன்றினால் பிள்ளை தானாகச் சொல்லும். சொல்லாமல் நோட்டில் எழுதினால் அதைத் திருத்தாமல், மதிப்பெண் போடாமல், படித்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள்.

பதினொன்று, பன்னிரண்டில் இன்னொரு வேலையும் கொடுக்கலாம். வீட்டில் இருக்கும் பழைய தாள் ஏதாவது ஒன்று: கல்யாணத்தில் வாசித்த வாழ்த்துப்பா, ரங்கூனிலிருந்து வந்த கடிதம், பழைய அழைப்பிதழ். பெரியவர்களிடம் கேட்டு, படம் எடுத்துவந்தால் போதும். அதன் மொழியைப் பற்றி ஒரு பக்கம் எழுதவேண்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா இப்படிச் சேர்த்துவைத்த நூல்களும் தாள்களும்தான் இன்றைக்குச் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன என்று சொல்லுங்கள். வீட்டுப் பரணில் இருப்பதற்கும் இலக்கியத்துக்கும் தொடர்பு உண்டு என்று தெரிந்தால், பிள்ளைகள் பாடநூலையும் வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

'யாதும் ஊரே யாவரும் கேளிர்' பற்றியும் ஒரு வார்த்தை. கணியன் பூங்குன்றனாரின் ஊர் நம் திருப்பத்தூர் பக்கத்து மகிபாலன்பட்டி. பண்டிதமணி மு. கதிரேசஞ் செட்டியார் பிறந்ததும் அங்கேதான். எல்லா வகுப்பிலும் அந்த முதல் அடியோடு நிறுத்திவிடுகிறோம். பதினொன்றிலாவது புறநானூறு 192ஐ முழுதாக வாசியுங்கள். கல்லில் மோதி ஒலிக்கும் பேராற்றில் போகும் புணையை, அதாவது தெப்பத்தைப் போல உயிர் போகிறது என்கிறார். ஊருணி மட்டுமே பார்த்த பிள்ளைக்கு அந்த ஆறு கண்ணில் வராது, செல்போனில் ஒரு வெள்ளக் காட்சியைக் காட்டிவிட்டு வாசியுங்கள். அங்கிருந்து 'பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே' என்பதற்கு வந்துசேரட்டும். பெரியவர்களைப் பார்த்து வியக்கமாட்டோம் என்று சொல்ல இவருக்கு எங்கிருந்து துணிச்சல் வந்தது என்று கேளுங்கள். விடை அதற்கு முந்தைய அடிகளில் இருக்கிறது, அவர்களே தேடி எடுக்கட்டும்.

ஆங்கில வழியில் படிக்கும், தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகள் உங்கள் பள்ளியில் கட்டாயம் இருப்பார்கள். அவர்களை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி எல்லார் முன்னாலும் நிறுத்தாதீர்கள். நாலு பேர் சேர்ந்து ஒரே குரலில் வாசிக்கும்போது அவர்களையும் நடுவில் சேர்த்துவிடுங்கள். வாசிக்கத் தடுமாறும் பிள்ளை யோசிக்கத் தடுமாறுவதில்லை. என் வகுப்புகளில் கும்பகருணனுக்காக நன்றாக வாதாடியவர்களில் பலர் அப்படிப்பட்டவர்கள்.

கடைசியாக நோட்ஸும் தேர்வும். பிள்ளைகள் நோட்ஸ் கேட்பதில் தவறே இல்லை, அவர்களுக்கு மதிப்பெண் வேண்டும். நோட்ஸ் கொடுங்கள், ஆனால் பாடம் முடிந்த பிறகு கொடுங்கள். அதிலும் வகுப்பில் பிள்ளைகள் சொன்ன வாக்கியங்களையே எடுத்து எழுதிப் போடுங்கள். 'நிலா மாறவில்லை, மற்றதெல்லாம் மாறிவிட்டது' என்று சொன்ன பிள்ளையின் வாக்கியம் கரும்பலகையில் ஏறினால் அதை அந்த வகுப்பு மறக்காது. நயம் பாராட்டும் வினாவுக்கு 'காட்டுக்கு யானை, பாட்டுக்கு மோனை' என்று தொடங்கும் தயார் விடையைத்தான் எல்லாரும் வைத்திருப்பார்கள். அதற்குப் பதிலாக ஒரு பழக்கத்தை ஏற்படுத்துங்கள். எதுகை என்று எழுதினால், அந்த எதுகை இந்தப் பாட்டில் என்ன வேலை செய்கிறது என்று அடுத்த வாக்கியம் எழுதவேண்டும். 'அற்றை, இற்றை என்ற எதுகை இரண்டு மாதங்களையும் எதிரெதிரே நிறுத்துகிறது' என்று எழுதும் பிள்ளைக்கு எந்தத் திருத்துநரும் மதிப்பெண்ணைக் குறைக்கமாட்டார்.

மனப்பாடப் பகுதியை வீட்டுப்பாடமாகக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு பீரியடும் தொடங்கும்போது வருகைப்பதிவு எடுத்ததும் இரண்டு நிமிடம் வகுப்பே சேர்ந்து சொல்லட்டும். ஆறாம் வகுப்பு தாளத்தோடு சொல்லும். ஒன்பதில் பாதி அடியை ஒரு வரிசையும் மீதியை அடுத்த வரிசையும் சொல்லலாம். பதினொன்றில் வெட்கப்படுவார்கள், அவர்களுக்கு நீங்களே முன்னால் சொல்லுங்கள், பின்னாலேயே முணுமுணுப்பார்கள். ஜூனில் தொடங்கினால் காலாண்டுத் தேர்வு வருவதற்குள் அந்தப் பருவத்துப் பாட்டுகள் எல்லாம் தனியாக உட்கார்ந்து படிக்காமலே வந்துவிடும். இப்போதே ஜூலை ஆகிவிட்டதென்றால் நாளைக்கே ஆறாம் வகுப்பில் குகன் பாட்டை வைத்துத் தொடங்குங்கள். பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும் அஞ்சு நிமிடம்தான் ஆகும்.